ஆன்லைன் டியூஷன் எடுக்கப் போகிறீர்களா? மார்க் நோட்டை இப்படி வையுங்கள்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் தெருவுக்கு ஒரு டியூஷன் மிஸ்ஸாவது இருப்பார். வாசலில் பாய் விரித்து நடந்த அந்த வகுப்புகளில் பல, கொரோனாவுக்கு அப்புறம் போனுக்குள் போய்விட்டன. பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்களும், குழந்தை பிறந்ததும் பள்ளி வேலையை விட்டவர்களும் இதில் புதிதாக இறங்குகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எடுப்பது மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணக்கு, அதனால் உதாரணமெல்லாம் அதிலிருந்தே வரும். மற்ற பாடக்காரர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்த்தாலே எங்கே தடுக்கி நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஆன்லைனில் முகம் தெரியும், நோட்டு தெரியாது. "புரிஞ்சுதா?" என்றால் எல்லோரும் "புரிஞ்சுது மிஸ்" என்பார்கள். அந்த நோட்டைத் திரும்பப் பார்க்கக் கிடைத்த வழிதான் சின்னச் சின்ன டெஸ்ட்டும், அதைக் குறித்து வைக்கும் ஷீட்டும். நாளைய பாடத்தை மாற்றாத எந்தக் குறிப்பையும் எழுதி வைக்காதீர்கள், நேரம்தான் போகும்.

வீட்டு ஏற்பாடு

இதை நீட்ட வேண்டியதில்லை. பிராட்பேண்ட் ஒன்று, அது படுத்துக்கொண்டால் வேறு கம்பெனி சிம்மில் ஹாட்ஸ்பாட். ரௌட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கிவிடுங்கள். பராமரிப்புக்கான மின்தடை பெரும்பாலும் பகலில்தான், முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும், சாயங்கால வகுப்பை அது தொடாது. மழைக்காலம்தான் தொல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் இங்கே பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஆகவே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடிய ஒரு பக்கப் பயிற்சித்தாள்கள் சிலவற்றை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையை ஒட்டி வீடு என்றால் கண்டெய்னர் லாரி, ஆடி மாசம் என்றால் கூழ் ஊற்றும் பந்தலின் ஸ்பீக்கர். மைக் வைத்த வயர் இயர்போன் போதும், விலையுயர்ந்த மைக் தேவையில்லை. போனை ஒரு ஸ்டாண்டில் நோட்டுக்கு நேர் மேலே கவிழ்த்து மாட்டினால் அதுவே கரும்பலகை. ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம், கூகுள் மீட்டில் மூன்று பேருக்கு மேல் சேர்ந்தால் 60 நிமிடம் கிடைக்கும். எனக்கு 40 நிமிடமே சரியாக இருக்கிறது. 30 நிமிடம் பாடம், மிச்சம் டெஸ்ட்.

சேரும்போது என்ன கேட்பது

பிள்ளையின் பெயர், மீடியம், பெற்றோரின் போன் நம்பர், எந்த நேரத்தில் போன் வீட்டில் இருக்கும். இவ்வளவுதான். ஆதார் எண், பள்ளியில் கொடுத்த எமிஸ் எண், சாதி, வருமானம், ஸ்கூல் ஐ.டி. கார்டு போட்டோ எதுவும் உங்களுக்கு வேண்டாம். சில பெற்றோர் கேட்காமலே பழைய மார்க் ஷீட்டை ஆதாரோடு சேர்த்து அனுப்பிவிடுவார்கள். மார்க்கைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது வேணாம், அழிச்சிட்டேன்" என்று சொல்லி அழித்துவிடுங்கள்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. 18 வயது நிரம்பாத யாராக இருந்தாலும் அந்தச் சட்டத்துக்குக் குழந்தைதான். அவர்களுடைய தகவலைக் கையாள பெற்றோரின் சம்மதம் வேண்டும், அந்தச் சம்மதம் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பள்ளிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. தனியாக டியூஷன் எடுப்பவர் அந்த விலக்கை நம்பி உட்கார்ந்திருக்காமல், சேரும்போதே பெற்றோருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுவது நல்லது. நான் அனுப்புவது இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"வணக்கம். உங்கள் பிள்ளையின் பெயர், உங்கள் போன் நம்பர், டெஸ்ட் மார்க், விடைத்தாள் போட்டோ இவற்றை என்னிடம் வைத்துக்கொள்வேன். பாடம் நடத்துவதற்கு மட்டும் பயன்படுத்துவேன். வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன். பொதுத்தேர்வு ரிசல்ட் வந்ததும் அழித்துவிடுவேன். நடுவில் வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், அழித்துவிடுவேன். சம்மதம் என்றால் 'சரி' என்று பதில் அனுப்புங்கள்."

அனுப்பிய பிறகு ஒரு போன் போட்டு வாயாலும் சொல்லுங்கள். பிள்ளையே அம்மா போனிலிருந்து 'சரி' போட்டுவிடும், அதெல்லாம் நடக்கும்.

அடுத்தது வாட்ஸ்அப் குரூப். எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான், நான் வேண்டாம் என்பேன். குரூப்பில் சேர்ந்த ஒவ்வொருவருடைய நம்பரும் மற்ற எல்லோருக்கும் தெரியும். அட்மின் மட்டும் பேசலாம் என்று செட்டிங் மாற்றினாலும் நம்பர் மறையாது. பத்தாவது படிக்கும் பெண் பிள்ளைகளின் நம்பர் அப்படி ஊர் சுற்ற வேண்டாம். பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள், ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அதில் செய்தி போகும், ஆகவே முதல் நாளே எல்லோரையும் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. நம் பக்கத்தில் ஒரு பேட்ச் என்றால் பாதிப் பேர் ஒரே தெரு, ஒரே ஹவுசிங் போர்டு பிளாக். மார்க் லிஸ்டைப் பொதுவில் போட்டால் மறுநாள் காலையில் தண்ணீர் லாரி வரும்போது அது பேச்சாகிவிடும். முதல் மார்க் வாங்கியவரைப் பாராட்டுவதற்காகக்கூடப் போட வேண்டாம்.

தவறே காரணம் சொல்கிற மாதிரி கேள்வி

இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது கூகுள் ஃபார்மில் மூன்று கேள்வி. மூன்றுக்கு மேல் வேண்டாம், உங்களால் பார்த்து முடிக்க முடியாது. ஃபார்ம் செட்டிங்கில் குவிஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதுவே திருத்திவிடும்.

கேள்வியைவிட, தப்பு விடைகளை எழுதுவதற்குத்தான் யோசிக்க வேண்டும். ஆயத்தொலை வடிவியலில் ஒரு கேள்வி பார்ப்போம். (−2, 3), (4, −1) என்ற புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வு என்ன?

சரியான விடை −2/3. மேலே y-களின் வித்தியாசம் −1 − 3 = −4, கீழே x-களின் வித்தியாசம் 4 − (−2) = 6. மற்ற விடைகளைச் சும்மா ஏதோ எண்ணாகப் போடாமல், பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடத்திலிருந்து எடுங்கள். −3/2 என்று தேர்ந்தெடுத்தால் சூத்திரத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறது. −2 என்றால் கீழே 4 − (−2) வரவேண்டிய இடத்தில் 4 − 2 என்று ஒரு மைனஸை விழுங்கிவிட்டது. 2/3 என்றால் −1 − 3ஐ 4 என்று எடுத்திருக்கிறது, "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று ஏழாம் வகுப்பில் பெருக்கலுக்குப் படித்ததைக் கூட்டலுக்கும் கொண்டுவந்துவிட்டது. ஐந்தாவதாக 'தெரியவில்லை' என்று ஒரு விடை வையுங்கள். அதைத் தொட்டால் திட்டு கிடையாது என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் குருட்டாம்போக்கில் எதையாவது அமுக்கிவிட்டுப் போவார்கள்.

ஃபார்மில் ரெஸ்பான்ஸ் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு விடையையும் எத்தனை பேர் தொட்டார்கள் என்று படமாகக் காட்டும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். யாருக்கு மூன்றுக்கு மூன்று, யாருக்கு முட்டை என்பதெல்லாம் அப்புறம்.

பன்னிரண்டு பேர் பேட்ச்சில் ஆறு பேர் 2/3 தொட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே "ஆறு பேருக்கும் மைனஸ் வரவில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மேலே 3 − (−1) என்று முதல் புள்ளியிலிருந்தும், கீழே 4 − (−2) என்று இரண்டாவது புள்ளியிலிருந்தும் தொடங்கியிருந்தாலும் 4/6 வரும், விடை அதே 2/3. அந்தப் பிள்ளைக்கு மைனஸ் நன்றாகவே தெரியும், புள்ளிகளின் வரிசைதான் குழம்பியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. ஆகவே அந்த ஆறு பேரிடம் மட்டும், "போட்ட கணக்கை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு, திருத்தி எழுத வேண்டாம்" என்று கேளுங்கள். மற்றவர்களிடம் கேட்க வேண்டியதில்லை.

போட்டோ வந்ததும் மறுநாள் பாடம் தானாகவே முடிவாகிவிடும். −1 − 3இல் தடுமாறியவர்களுக்கு, "ஒரு ரூபா கடன் இருக்கு, இன்னும் மூணு ரூபா கடன் வாங்கிட்ட, இப்போ மொத்தம் என்ன?" என்று ஆரம்பித்து எண்கோட்டுக்குப் போகலாம். வரிசை குழம்பியவர்களுக்கு, இரண்டு புள்ளிகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, x, y இரண்டிலும் கீழே இருப்பதிலிருந்து மேலே இருப்பதைக் கழிக்கச் சொன்னால் போதும். இந்த இரண்டாவது கூட்டத்தை உட்காரவைத்து மைனஸ் பாடத்தை மறுபடி நடத்தினால் அலுத்துப்போய், அடுத்த நாள் வகுப்புக்கே வரமாட்டார்கள்.

ஒரு மார்க் கேள்விகளில் கவனம் வேண்டும். புத்தகத்தில் பாடத்துக்குப் பின்னாடி இருக்கும் கேள்விகளைப் பிள்ளைகள் 'அ', 'ஆ' என்று விடையின் எழுத்தோடு மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். அதே கேள்வியைக் கொடுத்து எல்லோரும் முழு மார்க் வாங்கினால் அதிலிருந்து உங்களுக்கு ஒன்றும் தெரியாது. எண்ணை மாற்றுங்கள், விடைகளின் வரிசையையும் மாற்றுங்கள்.

ஷீட்டில் எதை எழுதுவது

வரிசைக்கு ஒரு பிள்ளை, ஆனால் பெயர் வேண்டாம், நீங்கள் கொடுத்த நம்பர் மட்டும். எந்த நம்பர் யார் என்பது உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு நோட்டில் இருக்கட்டும். மேலே தலைப்பாகத் தேதியைப் போடாதீர்கள், திறனைப் போடுங்கள்: சாய்வு, நேர்க்கோட்டின் சமன்பாடு, காரணிப்படுத்தல், ஏற்றக் கோணம். கட்டத்துக்குள் மார்க்குக்குப் பதில் ஓர் எழுத்து. சரி என்றால் 'ச', பிளஸ், மைனஸ் குறித் தவறு 'கு', சூத்திரம் மறந்தால் 'சூ', பெருக்கல் வகுத்தலில் தப்பினால் 'க', கேள்வியே புரியாவிட்டால் 'வா', ஒன்றும் எழுதாவிட்டால் 'வெ'.

இதை மேலிருந்து கீழும் இடமிருந்து வலமும் படிக்க வேண்டும். ஒரு தலைப்பின் கீழே பாதிக்கு மேல் 'சூ' என்றால் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம் நடத்தியது போய்ச் சேரவில்லை. எல்லோருக்கும் திரும்ப நடத்துங்கள். ஒரு பிள்ளையின் வரிசையில் எந்தத் தலைப்பிலும் 'கு' வந்துகொண்டே இருந்தால் அதற்குத் தனியாகப் பத்து நிமிடப் போன் போதும். 'வா' அதிகம் வந்தால் மொழியைப் பாருங்கள். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசிவிட்டுத் தமிழ் மீடியத்தில் படிப்பவர்களும், எட்டாவது வரை தமிழில் படித்துவிட்டு இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறியவர்களும் நம் பக்கம் நிறைய. கணக்குத் தெரிந்தே கேள்வியில் விழுவார்கள்.

பாஸ் ஆவதே சந்தேகம் என்றிருக்கும் பிள்ளைக்குத் தனியாக ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். பொதுத்தேர்வு வினாத்தாளில் எழுத வேண்டியது ஒரு மார்க் கேள்வி 14, இரண்டு மார்க் கேள்வி 10, ஐந்து மார்க் கேள்வி 10, அப்புறம் எட்டு மார்க் கேள்வி இரண்டு, ஆக நூறு மார்க். தேர்ச்சிக்கு 35. அந்த இரண்டு எட்டு மார்க்கில் ஒன்று வடிவியல் வரைதல், ஒன்று வரைபடம். இந்த 16 மார்க்கும் கை பழகினால் வந்துவிடும். இதை ஃபார்மில் சோதிக்க முடியாது, காம்பஸ் வைத்துப் போட்ட படத்தின் போட்டோதான் வேண்டும். ஷீட்டில் இந்த இரண்டுக்கும் தனித் தலைப்பு போட்டு, வாரம் ஒரு படம் வந்ததா என்று மட்டும் குறித்து வாருங்கள். டிசம்பருக்குள் இது பழகிவிட்ட பிள்ளையின் முகத்தில் பயம் பாதி போயிருக்கும்.

கூகுள் ஷீட்டில் ஷேர் பட்டனுக்குள் போய் 'ரெஸ்ட்ரிக்டட்' என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'லிங்க் உள்ள யாரும்' என்று இருந்தால் ஒரு ஃபார்வர்டில் ஊருக்கே தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் பிடிக்காதவர்களுக்கு நீள நோட்டே போதும். பதினைந்து பிள்ளைகள் வரை நோட்டு தாங்கும், வேகமாகவும் இருக்கும்.

வராதவர்களைப் பற்றி

வருகைப் பதிவில் 'ஆப்சென்ட்' என்று மட்டும் போட்டால் அது பாதித் தகவல். பக்கத்தில் காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள்: போன், நெட், உடம்பு, வேலை. ஒரு மாதம் எழுதினால் சில பிள்ளைகளின் வரிசையில் ஒரு ஒழுங்கு தெரியும். ஒரு வாரம் வருவார்கள், அடுத்த வாரம் வரமாட்டார்கள். விசாரித்தால் அப்பாவுக்கு ஹார்பரில் நைட் ஷிப்ட், வீட்டில் இருக்கும் ஒரே போன் அவரோடு போய்விடுகிறது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது காலையில் கேட்க ஒரு வாய்ஸ் நோட்டும் ஒரு பக்கப் பயிற்சியும்தான், அட்வைஸ் இல்லை.

காசிமேட்டுப் பிள்ளைகள் இருந்தால் மீன்பிடித் தடைக்காலத்தை நினைவில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்பாவும் போனும் வீட்டில்தான், ஆனால் ரீசார்ஜுக்குக் காசு இருக்காது. பத்தாவதுக்கு முன்கூட்டியே பாடம் தொடங்குவது சரியாக அந்த மாதங்களில்தான். மே மாத வருகையை வைத்து ஒரு பிள்ளையை 'அக்கறை இல்லாதது' என்று முடிவு செய்வது அநியாயம்.

கேமரா போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீடு அது. கேமரா அணைந்திருந்தும் டெஸ்ட்டில் மூன்று கேள்விக்கும் முயன்றிருந்தால் பிள்ளை வகுப்பில் இருந்தது என்றுதான் அர்த்தம்.

பெற்றோரிடம் பேசும்போது

"மிஸ், இவ பாஸ் ஆயிடுவாளா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சதவீதமெல்லாம் சொல்ல வேண்டாம். "அக்கா, கிராஃப் நல்லா போடறா. மைனஸ் வர்ற கணக்குலதான் தடுமாறுறா. இந்த வாரம் தினம் அஞ்சு கணக்கு குடுக்கறேன், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சாளான்னு மட்டும் பாருங்க" என்று சொல்லுங்கள். வரும் ஒன்று, வராத ஒன்று, வீட்டில் செய்ய ஒன்று. இதையே வாய்ஸ் மெசேஜாக அனுப்பினால் வேலைக்குப் போகிற அம்மாக்கள் பஸ்ஸில் கேட்டுக்கொள்வார்கள். "பக்கத்து வீட்டுப் பையன் எவ்ளோ மிஸ்?" என்று கட்டாயம் கேட்பார்கள். "அவங்க அம்மாவுக்குத்தான் அதைச் சொல்வேன்க்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கம்பெனிக்கு எடுப்பதாக இருந்தால்

ஆன்லைன் கல்வி நிறுவனத்தில் சேருபவர்களுக்கு டாஷ்போர்டு என்று, பிள்ளைகளின் நிலவரத்தைக் காட்டும் ஒரு பக்கம் தருவார்கள். நான் முன்பு எடுத்த ஓர் இடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் காட்டியதே தவிர, பிள்ளை எந்தத் தப்பு விடையைத் தொட்டது என்று பார்க்க வழியே இல்லை. கேட்டால் அடுத்த அப்டேட்டில் வரும் என்பார்கள். ஆகவே சேரும் முன்பே கேளுங்கள்: கேள்விவாரியாக விடைகளைப் பார்க்க முடியுமா, வகுப்பின் ரெக்கார்டிங் எத்தனை நாள் இருக்கும், அதை யார் பார்ப்பார்கள், பெற்றோரிடம் சொல்லியிருக்கிறார்களா. அந்தப் பிள்ளைகளின் பெயரையோ நம்பரையோ உங்கள் சொந்தப் போனில் ஏற்றாதீர்கள். வேலையை விடும்போது லிஸ்டைக் கையோடு எடுத்துவந்து சொந்த டியூஷனுக்கு அழைப்பது பெரிய வம்பில் மாட்டிவிடும்.

விடைத்தாளை ஏ.ஐ. செயலியில் போட்டுத் திருத்துகிற பழக்கம் இப்போது வந்திருக்கிறது. போடுவதாக இருந்தால் பெயர், பள்ளி, பதிவெண் தெரியும் மேல்பகுதியை வெட்டிவிட்டுக் கணக்கை மட்டும் போடுங்கள். அது சொல்லும் மார்க்கை அப்படியே நம்பாதீர்கள். கோணல் கையெழுத்தில் மைனஸை விட்டுவிடும், நமக்கோ அந்த மைனஸ்தான் முக்கியம்.

ரிசல்ட் வந்த பிறகு

அழிக்கிறேன் என்று பெற்றோருக்குச் சொன்னதைச் செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ கேலரியிலும், அங்கிருந்து கூகுள் போட்டோஸிலும் போய் உட்கார்ந்திருக்கும். ஆண்டுத் தொடக்கத்திலேயே வாட்ஸ்அப் செட்டிங்கில் மீடியா விசிபிலிட்டியை அணைத்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும். அழித்த பிறகும் போட்டோஸ் குப்பையில் 60 நாளும் டிரைவ் குப்பையில் 30 நாளும் கிடக்கும், அங்கேயும் போய்க் காலி செய்யுங்கள். பெயர் எழுதிய நோட்டுப் பக்கங்களைக் கிழித்துவிடலாம்.

வைத்துக்கொள்ள வேண்டியது கேள்விகள்தான். எந்தக் கேள்வியில் எந்தத் தப்பு விடையை எத்தனை பேர் தொட்டார்கள் என்பதைப் பெயர், நம்பர் எதுவும் இல்லாமல் தனி ஷீட்டில் ஏற்றிவிடுங்கள். யாருமே தொடாத தப்பு விடையை எடுத்துவிட்டு, போட்டோக்களில் புதிதாகப் பார்த்த தப்பு ஒன்றை அந்த இடத்தில் வையுங்கள். அடுத்த பேட்ச்சுக்கு முதல் வாரக் கேள்விகளை அதிலிருந்தே எடுக்கலாம்.